சேனைத் தண்ணீர்

எட்டு நாள் பிள்ளையின் பிஞ்சுக் கையில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்த இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். அப்படி நிறுத்திவிட்டு இந்த ஆளுக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ என்று என்னை ஏசியவர்கள் ஏசியிருப்பீர்கள். ஏசுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்களையும் என்னையும் விட அதிகமாகத் தவித்துக் கிடந்தவள் தமயந்திதான். நமக்கு ஒரு வாரம் ஓடிவிட்டது. அவளுக்கு மூன்றே நாள்தான் ஆகியிருக்கிறது, அந்த மூன்று நாளும் அவள் நெஞ்சை விட்டு நகரவே இல்லை.

இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

ஞானவேலுக்குச் சொந்த ஊர் பழனி. கொடைக்கானலுக்கு வந்து டாக்ஸி ஓட்டத் தொடங்கி ஏழு வருஷம் ஆகிறது. அவன் மனைவி வடிவு பழனியில் பெற்ற இரண்டு பிள்ளைகளும் தொட்டிலில் போடுமுன்பே போய்விட்டன. மூன்றாவதை மலையில்தான் பெற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, ஏரிக்கு மேலே இருக்கிற ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தான். ஆண் பிள்ளை பிறந்தது. பிரசவத்துக்கு உதவியாகப் பழனியிலிருந்து வத்தலக்குண்டு சுற்றி பஸ் ஏறி வந்தவள் அவனுடைய அக்கா தமயந்தி. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். எந்த வீட்டுக்குள் போனாலும் ஐந்தாவது நிமிஷம் அடுப்பு அவள் பொறுப்பில் இருக்கும்.

ஐந்தாம் நாள் பிள்ளையை நாயுடுபுரத்தில் ஞானவேல் குடியிருக்கிற வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். எட்டாம் நாள் காலையில் பிள்ளை பால் குடிக்கவில்லை. உடம்பு சில்லிட்டு, பிழிந்த துணியாய்த் துவண்டு கிடந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா சண்முகசுந்தரி முதல் வேலையாக ஒரு பாட்டிலில் ரத்தம் எடுத்து, ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார். அதற்கப்புறம் கிருமியைக் கொல்கிற ஊசிகளைத் தொடங்கினார்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. தமயந்திக்கு மட்டும் தெரிந்த கதை ஒன்று தனியாக இருக்கிறது.

பழனிப் பக்கம் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பார்கள். ஒன்றுமில்லை, நாக்கில் தொட்டு வைக்கிற சீனித் தண்ணீர். ஆனால் வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு ஒட்டும் என்பதால் ஆளைப் பார்த்து, பொறுக்கித்தான் வைக்கச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸு அதற்கு இடம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம் வடிவே சங்கை எடுத்து நீட்டி, நீங்கள்தான் வைக்க வேண்டும் மதினி என்றாள். தமயந்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிள்ளையை மடியில் வாங்கியபோது உடம்பு லேசாகச் சுட்டது. முதல் இரண்டும் இப்படித்தான் தொடங்கின. புறப்படும்போது அவள் புருஷன் பொன்னுவேல் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்த, பொடி அடைத்த இரண்டு மாத்திரைக் குப்பிகள் அவள் பையில் இருந்தன. பொன்னுவேல் பழனி அடிவாரத்தில் ஒரு டாக்டரிடம் இருபது வருஷமாகக் கம்பவுண்டர். பிள்ளைக்கு மேலு சுட்டால் வெரசாக இதில் ஒரு சிட்டிகை கொடுத்துவிடு, நோய் முற்ற விடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவள் அடுப்படிக்குள் போனாள். ஒரு குப்பியைத் திருகினாள். பொடியைச் சேனைத் தண்ணீரில் கலந்தாள்.

அன்று சாயங்காலம் ஒன்று, அடுத்த இரண்டு நாளும் காலை மாலை. ஆக மொத்தம் ஐந்து தடவை. இன்னும் இரண்டு சொட்டு சேனை என்று சொல்லித்தான் கொடுத்தாள். பார்த்துக்கொண்டே இருந்த வடிவு சிரித்தாள்.

ஏன் மறைத்தாள் என்று கேட்பீர்கள். இரண்டாவது பிள்ளைக்கு வைத்தியம் பார்த்தவன் பொன்னுவேல்தான். அது போன அன்றைக்கு ஞானவேல் தெருவில் நின்று, உங்கள் வைத்தியத்தை உங்கள் வாசலோடு வைத்துக்கொள்ளுங்கள் மச்சான் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இரண்டு ஆண்களுக்கும் பேச்சு இல்லை. வடிவு மட்டும் பொன்னுவேலுக்காகப் பரிந்து பேசினாள். அண்ணன் கண் விழித்துப் பாடுபட்டார், பிள்ளைக்கு ஆயுசு இல்லாததற்கு அவர் என்ன செய்வார் என்றாள். தமயந்தி அந்த ஒரு வார்த்தைக்காகவே வடிவின் துணியைத் துவைத்துப் போடலாம் என்று நினைத்தவள்.

எட்டாம் நாள் டாக்டரம்மா பிள்ளையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரத்தம் எடுக்குமுன் கேட்டார். வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?

தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் கிடையாது என்றாள் வடிவு. அவள் பொய் சொல்லவில்லை. சேனையை மருந்து என்று யார் சொல்வார்கள். தமயந்தி கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த கம்பளியை விரித்து இன்னொரு தடவை மடித்தாள். டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டார்.

அதுதான் நடந்தது. இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

காலை ஒன்பதரைக்கு டாக்டரம்மா வார்டுக்கு வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சிரிப்பை அளந்து செலவழிக்கிறவர். அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே சிரித்தார். மூன்று நாள் ஆகியும் பாட்டிலில் ஒன்றும் வளரவில்லை என்றார். ரத்தத்தில் கிருமி இல்லை. நாயுடுபுரத்துக் குளிர் தாங்காமல்தான் பிள்ளை விறைத்திருக்க வேண்டும், தை மாசக் குளிர் பெரியவர்களையே படுக்கப் போடுகிறதே என்றார்.

"இந்த ஊசி லேசுப்பட்டது இல்லை. வேணுங்கற பிள்ளைக்குத்தான் போடணும். வேணாத பிள்ளைக்குப் போட்டா காது மந்தமாகலாம். இன்னையோட நிறுத்திடறேன். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

வடிவு கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்று நாளாக உட்காரவும் பயந்து நின்றவள், தலையணையில் சாய்ந்து, பசிக்கிறது என்று முதல் தடவையாகச் சொன்னாள். ஞானவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, ஒரு ஏரிச் சவாரியும் முடித்துவிட்டு வருகிறேன் என்று போனான்.

தமயந்தியும் சிரித்தாள். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. கிருமி இல்லை, பிள்ளை பிழைத்தது, யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. முருகா, உன் படியில் முட்டி போட்டு ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். சரியாகப் பத்து நிமிஷம் அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்தாள்.

நன்றி சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. லேபில் வேலை பார்க்கிற வேலப்பன் ஆயக்குடிக்காரன். பழனிக்கும் ஆயக்குடிக்கும் கூப்பிடு தூரம் என்பதால், வந்த முதல் நாளே அவனோடு ஊர் உறவு பேசி வைத்திருந்தாள். பிளாஸ்கில் மிச்சம் இருந்த காப்பியை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போனாள்.

வேலப்பனுக்குத் தன் வேலையைப் பற்றிக் கேட்க ஆள் கிடைத்தால் போதும். சூட்டுப் பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். உள்ளே ரத்தம் அடியில் தங்கி, மேலே தெளிந்த ரசம் போல நீர் நின்றது. கிருமி இருந்தால் இது கஞ்சித் தண்ணீராகக் கலங்கிப் போகும் என்றான். கரண்டு போனால் பெட்டி ஆறிவிடும் என்று அவன் தன் கம்பளியைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டுக் குளிரில் நடுங்கிய கதையையும் சொன்னான்.

அப்ப இது பொய்யே சொல்லாதா தம்பி என்று கேட்டாள் தமயந்தி. சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"ஒரே ஒரு இடத்துல சொல்லும்க்கா. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே பிள்ளைக்குள்ள கிருமி மருந்து கொஞ்சம் போயிருந்துச்சுன்னு வைங்க. பாட்டிலுக்குள்ள வர்ற கிருமி மயங்கிக் கெடக்கும். வளராது. நாங்க இல்லைன்னு எழுதிருவோம். பிள்ளைக்குள்ள அது பாட்டுக்கு இருக்கும்."

அதனால்தான் டாக்டரம்மா ஆயிரம் தடவை கேட்பது என்று சொன்னான். உங்கள் வீட்டுச் சீட்டில் ஒன்றும் கொடுக்கவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது, இப்படிச் சுத்தமாக வருகிறவர்கள் ரொம்பக் குறைச்சல் என்று பாராட்டவும் செய்தான்.

தமயந்தி காப்பியை ஊற்றாமலே பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வராந்தா முழுக்க அவன் சொன்னதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தாள். அவள் ஒன்றும் படிக்காதவள் இல்லை, எட்டாவது வரை போனவள். இருந்தாலும் இதைப் புரிந்துகொள்ள எட்டாவதும் வேண்டாம். கிருமி இருக்கிறது. பாட்டில் அதை மறைக்கிறது. பாட்டிலை மறைக்கச் செய்தது அவள் கை. ஊசியை நிறுத்திவிட்டார்கள். அவள் வாய் திறக்காவிட்டால் நாளைக்குப் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், அங்கே அது இன்னொரு தடவை சில்லிட்டுப் போகும்.

வாய் திறந்தால் தம்பி போய்விடுவான். அதுவும் அவளுக்குத் தெரியும். ஞானவேல் கத்துகிற ரகம் இல்லை, விட்டுவிடுகிற ரகம். மச்சானை விட்டது போல அக்காவையும் விட்டுவிடுவான். அப்புறம் பொன்னுவேல். டாக்டருக்குத் தெரியாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தது வெளியே வந்தால் இருபது வருஷ வேலை ஒரு நாளில் போய்விடும். முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தமயந்தி வார்டு வாசலில் நின்றாள்.

உள்ளே பக்கத்துக் கட்டிலில் ஒரு ரகளை நடந்துகொண்டிருந்தது. ஒய்யம்மாள் என்கிற சின்னப் பெண், பேத்துப்பாறைக்குக் கீழே காட்டை ஒட்டி இருக்கிற மலைக்குடியில் இருந்து, மூச்சு இரைக்கிற கைப்பிள்ளையோடு காலையில்தான் வந்து சேர்ந்தவள். என்னென்ன கொடுத்தாய் என்று நர்ஸு கேட்க, அவள் ஒளிவு மறைவு இல்லாமல் அடுக்கினாள். தேன் தடவினாளாம். ஒரு வேரை உரசி ஊற்றினாளாம். எஸ்டேட் கணக்கர் அரை மாத்திரை கொடுத்தாராம், அதையும் கரைத்து ஊற்றினாளாம். நர்ஸு பிடித்துக்கொண்டாள். காது கொண்டு கேட்க முடியாத ஏச்சு. ஏசிக்கொண்டே எல்லாவற்றையும் சீட்டில் எழுதவும் செய்தாள்.

நர்ஸு போனதும் ஒய்யம்மாள் கட்டிலுக்கு அடியிலிருந்து பன் ரொட்டியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். தமயந்திக்கு அது பொறுக்கவில்லை. இப்படிப் பட்டென்று சொல்லிவிட்டாயே, உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டாள்.

"கேட்டாக, சொன்னேன்," என்றாள் ஒய்யம்மாள் வாயில் ரொட்டியோடு.

எங்களையும் கேட்டார்களே என்று தமயந்தி நினைத்தாள்.

பன்னிரண்டு மணி ஊசிக்கு வழக்கமாக வருகிற தட்டு அன்றைக்கு வரவில்லை. வடிவு பிள்ளையை எடுத்து அமர்த்தினாள். பிள்ளை நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கன்னத்தைச் சுண்டினாள். இன்னும் இரண்டு இழுப்பு. அவ்வளவுதான். ஊசி வலி இல்லாததால் சுகமாகத் தூங்குகிறான் மதினி என்று வடிவு சொன்னாள். தமயந்தி பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். காலில் சூடு குறைந்திருந்தது. இல்லை, தன் கைதான் சூடாக இருக்கிறதோ. இன்னொரு கையால் தொட்டுப் பார்த்தாள். அப்படியும் ஒன்றும் பிடிபடவில்லை. ஏழாம் நாள் சாயங்காலமும் பிள்ளை இப்படித்தான் நாலு இழுப்போடு நிறுத்தியது. அன்றைக்கும் தூக்கம் என்றுதான் சொன்னார்கள்.

அவள் எழுந்துவிட்டாள். டாக்டரம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடுவது, தம்பி காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது. இதுதான் அவள் போட்ட கணக்கு.

டாக்டரம்மா அறையில் இல்லை. பெருமாள்மலையில் முகாம், இப்பொழுதுதான் ஜீப்பில் ஏறப் போனார், சாயங்காலம்தான் திரும்புவார் என்றார்கள். தமயந்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் ஓடினாள். நாற்பத்திரண்டு வயசுக்கு அது ஓட்டம்தான். ஜீப்பு உறுமிக்கொண்டு நின்றது. டாக்டரம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஜீப்புக்குப் பக்கத்தில், டிரைவரோடு பேசிக்கொண்டு, கையில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு நின்றவன் ஞானவேல்.

அவள் நின்றுவிட்டாள். இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவாயா பழனியப்பா என்று மனசுக்குள் ஒரு பாட்டம் ஏசினாள். என்னக்கா, மூச்சு இரைக்க ஓடி வருகிறாய் என்று தம்பி சிரித்துக்கொண்டே கேட்டான். ஜீப்பு நகர்ந்தது.

தமயந்தி ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க டாக்டரம்மா. ஊசியை நிறுத்தாதீங்க. பிள்ளைக்கு நான் மருந்து குடுத்திருக்கேன். ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன். சேனையில கலந்து குடுத்தேன்."

டாக்டரம்மா கையைக் காட்ட, டிரைவர் என்ஜினை அணைத்தார்.

"சேனையிலயா? பச்சைப் பிள்ளைக்குச் சேனைக்கிழங்கா குடுத்தீங்க?"

தஞ்சாவூர்க்காரருக்குச் சேனை என்றால் தோட்டத்தில் தோண்டி எடுக்கிற கிழங்குதான். வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே தமயந்தி ஒரு வருஷம் ஊரைச் சிரிக்க வைத்திருப்பாள். அன்றைக்கு, கிழங்கு இல்லை, சீனித் தண்ணீர், நாங்கள் பிள்ளை நாக்கில் வைப்பது என்று விளக்குவதற்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை தடவை என்று கேட்டார் டாக்டரம்மா. ஐந்து. எவ்வளவு? கிள்ளி எடுக்கிற அளவு. கடைசியாக எப்போது? இங்கே வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம்.

டாக்டரம்மா கீழே இறங்கிவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தமயந்திக்கு நன்றாக இருந்திருக்கும். சரிவில் ஏறிக்கொண்டே, மேலே வாசலில் நின்ற நர்ஸைக் கூப்பிட்டு, நிறுத்தின ஊசிகளை உடனே போடச் சொன்னார். அந்தச் சிட்டிகை கிருமியைக் கொல்லக் காணாது, பாட்டிலை ஏமாற்றுவதற்குத்தான் காணும் என்றார். இனி அந்தப் பாட்டில் சொல்வதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது, கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொண்டே முழுப் பத்து நாளும் போட வேண்டும், காதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார்.

ஞானவேல் பின்னால் வந்தான். மிட்டாய்ப் பொட்டலம் கையிலேயே இருந்தது.

வார்டில் பிள்ளையின் துணியை முழுக்க அவிழ்த்து, டாக்டரம்மா ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். வடிவு ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபடி ஊசித் தட்டு ஏன் வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. தமயந்திதான் சொன்னாள். இரண்டு வரிதான். தலையை நிமிர்த்தாமல் சொல்லிவிட்டாள்.

வடிவு கோபப்படவில்லை. ஏன் மதினி என்கிட்ட சொல்லலை என்று மட்டும் கேட்டாள். சொல்லியிருந்தால் நானே டாக்டரம்மாவிடம் சொல்லியிருப்பேனே, அண்ணன் கொடுத்த மருந்தை நான் என்றைக்கு வேண்டாம் என்றேன் என்றாள். தமயந்தி அதைக் கேட்டுத்தான் அழுதாள்.

"அது என்ன மருந்து?" டாக்டரம்மா கேட்டார்.

தெரியாது. வெள்ளைக் குப்பி. பேர் எழுதிய காகிதம் கிடையாது. மிச்சத்தையெல்லாம் பிள்ளையை இங்கே தூக்கி வந்த அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டாள்.

பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தாள். பிள்ளைக்குக் கொடுப்பதைத் தான் பார்க்காமல் கொடுப்பாளா. கசப்பு, அப்படி ஒரு கசப்பு, சாயங்காலம் வரைக்கும் நாக்கை விட்டுப் போகவில்லை என்றாள்.

டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார்.

அந்த மாதிரிக் கசக்கிற மருந்து ஒன்று உண்டு என்று பிறகு சொன்னார். பெரியவர்களுக்கு டைபாய்டுக்குக் கொடுப்பது. நல்ல மருந்துதான். ஆனால் பிறந்த பிள்ளையின் உடம்புக்கு அதை வெளியே தள்ளத் தெரியாது, உள்ளேயே தேங்கும். இது மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் டாக்டர்கள் படிக்கிற பத்திரிகைகளில் வந்தது. அதற்கு முன்னால் படித்த டாக்டர்களுக்கே தெரியாது, நானே கொடுத்திருக்கிறேன் என்றார். இந்தப் பிள்ளைக்குப் போனது கொஞ்சம், நின்றும் மூன்று நாள் ஆகிவிட்டது, நிறம் மாறவில்லை, அதனால் அந்தப் பயம் எனக்குக் குறைச்சல்தான். இருந்தாலும் பேர் தெரிந்தாக வேண்டும், இன்றும் நாளையும் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும்.

என்ன பார்க்கணும் என்று வடிவு கேட்டாள்.

"முதல்ல வயிறு உப்பும். வாந்தி எடுக்கும். அப்புறம் உடம்பு பூரா சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். அப்படி ஏதாவது தெரிஞ்சா, எந்த நேரமா இருந்தாலும் என்னைக் கூப்பிடணும்."

சரி என்றாள் வடிவு. பிள்ளையின் துணியைப் போர்த்தினாள். ஒரு ஓரத்தைச் செருகினாள். இன்னொரு ஓரத்தைச் செருகப் போன கை அப்படியே நின்றுவிட்டது. தமயந்தி அதைக் கவனிக்கவில்லை. அவள் தன் புருஷனை எப்படிக் கேட்பது என்ற நினைப்பில் இருந்தாள்.

ஆபீஸ் அறையில் டெலிபோன் இருந்தது. ஞானவேல் போய்ப் பழனிக்கு அர்ஜெண்டு டிரங்க் கால் போட்டுவிட்டு வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், "நீயே பேசுக்கா. எனக்கு அந்தக் குரலைக் கேக்க வேணாம்" என்றான். அக்கா என்று சொன்னானே என்று தமயந்தி அதைப் பிடித்துக்கொண்டாள்.

தைப்பூச நேரம். அடிவாரமே காவடியும் பாத யாத்திரையுமாக நெரியும், புண்ணுக்குக் கட்டுப் போட வருகிற கூட்டத்தில் கம்பவுண்டரை யார் போனுக்குக் கூப்பிடுவார்கள் என்று அவள் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து மணி அடித்தது. டாக்டரம்மா பக்கத்தில் காகிதத்தோடு நின்றார்.

பொன்னுவேலின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறதா என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. இருக்கிறது என்றாள். அந்தக் குப்பி மருந்துக்குப் பேர் என்ன, ஒளிக்காமல் சொல்லுங்கள், டாக்டரம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாள். எதற்குக் கேட்கிறாய் என்றான். பேரைச் சொல்லுங்க என்று அவள் சத்தம் போட்டாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் அவனிடம் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

சொன்னான். குளோராம்பெனிக்கால். அவள் அதைத் தட்டுத் தடுமாறித் திருப்பிச் சொல்ல, டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். நினைத்தது அதுதான் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பார்க்க வார்டுக்குப் போனார். பேர் தெரிந்துவிட்டது, ஊசி போட்டாயிற்று, பிள்ளைக்குக் காவல் இருக்கிறது. இனிப் பேச ஒன்றுமில்லை என்று தமயந்தி போனை வைக்கப் போனாள்.

வடிவு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பிள்ளையை ஞானவேலிடம் கொடுத்துவிட்டு, பச்சை உடம்போடு அவ்வளவு தூரம் தனியாக நடந்து வந்திருக்கிறாள். வந்தவள் கையை நீட்டினாள். தமயந்தி ஒன்றும் புரியாமல் ரிசீவரைக் கொடுத்தாள்.

"அண்ணே, நான் வடிவு," என்றாள். குரல் அமைதியாகத்தான் இருந்தது. "என் ரெண்டாவது பிள்ளை நாலாம் நாள் வயிறு உப்பி, அஞ்சாம் நாள் அடுப்புச் சாம்பலாட்டம் நிறம் மாறிச்சு. குளிர் காய்ச்சல்ல அப்படித்தான் இருக்கும்னு நீங்க சொன்னீங்க. அதுக்கும் இதே மருந்தைத்தான் குடுத்தீங்களா?"

தமயந்திக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்தவள் அவள். அந்த நிறம் அவளுக்கும் தெரியும்.

ரிசீவருக்குள் பழனி இரைந்துகொண்டிருந்தது. அரோகரா சத்தம் கேட்டது, யாரோ கம்பவுண்டரை அழைக்கிற சத்தம் கேட்டது. நடுவில் டெலிபோன்காரர் குறுக்கிட்டு, மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது, இன்னும் மூன்று நிமிஷம் வேண்டுமா என்று கேட்டார்.

"குடுங்க," என்றாள் வடிவு. "எங்க அண்ணன் இன்னும் பதில் சொல்லலை."